ரேடான் கையேடும் தஞ்சை வகுப்பறையும்

நீங்கள் அமர்ந்து படிக்கும் வகுப்பறையின் காற்றை யாரேனும் அளந்து பார்த்ததுண்டா? அறையின் நீள அகலத்தை அளந்திருப்பார்கள். எத்தனை பேர் அமரலாம் என்றும் கணக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் தரைக்கு அடியிலிருந்து ஓசையின்றி மேலேறி வந்து அறைக்குள் தங்கும் ஒரு வாயுவை அளக்க வேண்டும் என்று நம் ஊர்ப் பக்கம் எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் பள்ளிகளில் அதை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் எடுத்த கணக்குப்படி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பள்ளியில் குறைந்தது ஓர் அறையிலாவது அந்த வாயு எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தது. அயர்லாந்தில் 1998-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் 3800-க்கும் மேற்பட்ட பள்ளிகளை அளந்து முடித்தார்கள். அந்த வாயுவின் பெயர் ரேடான்.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் பன்னாட்டு ரேடான் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 30-க்கும் மேற்பட்ட நாடுகளின் வல்லுநர்கள் அதில் பங்கு கொண்டனர். அதன் பயனாக 2009-இல் உள்ளறை ரேடான் பற்றிய கையேடு ஒன்று ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஹாயோ சீப், ஃபெரித் ஷன்னூன் என்ற இருவர் அதன் பதிப்பாசிரியர்கள். உடல்நல விளைவு, அளக்கும் முறை, தடுக்கும் வழி, செலவும் பயனும், மக்களுக்கு எடுத்துச் சொல்லும் விதம், தேசியத் திட்டம் என்று ஆறு அத்தியாயங்கள் கொண்டது அந்நூல். அதைக் காவிரி டெல்டாவின் ஒரு சாதாரணப் பள்ளி வகுப்பறையில் வைத்துப் படித்தால், எது நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாறைக்குள் பிறக்கும் வாயு

முதலில் ரேடானை அறிந்துகொள்வோம். மண்ணிலும் பாறையிலும் மிகச் சிறிதளவு யுரேனியம் எங்கும் கலந்திருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து வேறு தனிமங்களாக மாறுகிறது. அந்த வரிசையில் ரேடியம் வருகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. வரிசையில் முன்னும் பின்னும் உள்ளவை எல்லாம் திடப்பொருள்கள். ரேடான் ஒன்றுதான் வாயு. ஆகவே அது பிறந்த இடத்திலேயே கிடப்பதில்லை. மண் துகள்களின் இடைவெளி வழியே ஊர்ந்து மேலே வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. மற்றப் பொருள்களோடு எளிதில் சேராத மந்த வாயு அது.

ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். அதாவது, இன்று ஆயிரம் அணுக்கள் இருந்தால் 3.8 நாளில் ஐந்நூறுதான் மிஞ்சும். சிதையும் ஒவ்வோர் அணுவும் ஓர் ஆல்ஃபா துகளை வீசி எறிந்து பொலோனியமாக மாறுகிறது. சுவாசிக்கும்போது உள்ளே போகும் ரேடானில் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடும். தொல்லை தருவது அதன் வழித்தோன்றலான பொலோனியமே. அது தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலின் உட்சுவரில் படிந்துவிடும்; அங்கேயே சிதைந்து ஆல்ஃபா துகள்களை வீசும். ஆல்ஃபா துகளை ஒரு தாளைக் கொண்டே தடுத்துவிடலாம். நம் தோலின் மேற்படலமும் அதைத் தடுத்துவிடும். ஆனால் நுரையீரலின் உட்புறத்தில் அத்தகைய கவசம் இல்லை.

ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய மர்ம நோய் நுரையீரல் நோய்தான் என்பதும், அது புற்று என்பதும் 1879-இல் தெரிய வந்தது. ரேடானே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. பின்னாளில்தான் காரணம் புரிந்தது. 1988-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் ரேடானைச் சேர்த்தது.

சுரங்கத்தின் சிக்கல் வீட்டுக்குள் வந்தது எப்படி? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1984 டிசம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. அணுமின் நிலையம் ஒன்றில் வேலை செய்த பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ், கதிர்வீச்சை உணரும் கருவியைக் கடந்தபோது அது அலறியது. நிலையமோ இன்னும் மின் உற்பத்தியே தொடங்கவில்லை! ஆராய்ந்தபோது, அவர் கதிரியக்கத்தைத் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார் என்று தெரிந்தது. அவர் வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,00,000 பெக்கெரல் ரேடான் இருந்தது. பெக்கெரல் என்பது விநாடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு. உலக வீடுகளின் சராசரி சுமார் 40 பெக்கெரல்தான். இந்நிகழ்ச்சிக்குப் பிறகே வீடுகளையும் பள்ளிகளையும் சோதிக்கும் வேகம் பிறந்தது.

கையேட்டின் சிறப்பு

இந்நூலின் சிறப்பு எது என்று கேட்டால், அளவீட்டைப் பற்றிய அத்தியாயமே என்று தயங்காமல் சொல்லலாம். ரேடான் ஒரு நிலையில் நிற்பதில்லை. இரவில் ஏறும், பகலில் இறங்கும். மழைக்கு ஒரு விதம், வெயிலுக்கு ஒரு விதம். ஆகவே ஒரு நாள் வந்து ஒரு கருவியைக் காட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போவது போதாது என்று நூல் வற்புறுத்துகிறது. மாதக்கணக்கில் அறையிலேயே கருவி இருக்க வேண்டும். கருவியின் நம்பகத்தையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

அந்தக் கருவி பெரிய இயந்திரம் அன்று. ஒரு சிறு குப்பி; அதனுள் ஒரு துண்டு பிளாஸ்டிக் படலம். நம் நாட்டு ஆய்வகங்களில் எல்ஆர்-115 என்னும் செல்லுலோஸ் நைட்ரேட்டு படலம் பெரிதும் பயன்படுகிறது. குப்பியின் வாயை மெல்லிய சவ்வோ வடிதாளோ மூடியிருக்கும். தூசி வெளியே நிற்க, வாயு மட்டும் உள்ளே நுழையும். உள்ளே சிதையும் ரேடானின் ஆல்ஃபா துகள் படலத்தில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வடு விழும். மூன்று மாதம் கழித்துப் படலத்தை எடுத்து, 60 டிகிரி சூட்டில் உள்ள எரிசோடாக் கரைசலில் ஒன்றரை மணி நேரம் ஊற வைப்பார்கள். உங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உள்ள அதே எரிசோடாதான். அது வடுக்களை அரித்துப் பெரிதாக்கும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்து எண்ண வேண்டியதுதான். மின்சாரம் வேண்டாம், அருகில் ஆள் இருக்க வேண்டாம். மூன்று மாதம் அந்த அறையில் நடந்ததை எல்லாம் படலம் தானே எழுதி வைத்துக்கொள்கிறது.

மற்றொரு சிறப்பும் உண்டு. எண்ணைச் சொல்வதோடு நூல் நிற்பதில்லை. ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கெரல் என்பதை மேற்கோள் அளவாகக் கொள்ளலாம் என்றும், அது இயலாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டவிடக் கூடாது என்றும் கூறுகிறது. அளவு மிகுந்தால் என்ன செய்வது என்பதையும் உடனே சொல்கிறது. எண்ணும் செயலும் அங்கே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்ணைக் கண்டு அஞ்சலாமா?

ரேடான் என்றவுடன் அஞ்சுவோர் கையேடு தரும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வுகளின்படி, புகை பிடிக்காத ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். ரேடானே இல்லாத நிலையில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர் 4 பேர். வாழ்நாள் முழுவதும் 100 பெக்கெரல் உள்ள வீட்டில் இருந்தால் 5 பேர். 400 பெக்கெரல் என்றால் 7 பேர். புகை பிடிப்போர் ஆயிரம் பேரில் இதே எண்கள் முறையே 100, 120, 160.

இதிலிருந்து என்ன விளங்குகிறது? ரேடான் மெய்யான ஆபத்துதான். ஆனால் பீடி, சிகரெட்டு என்னும் பெரிய ஆபத்தின் தோளில் ஏறிக்கொள்ளும்போதுதான் அதன் கொடுமை பன்மடங்காகிறது. பள்ளிச் சுவருக்குள் ரேடானைத் தேடுகிற ஒருவர், பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையைக் காணாமல் போனால் அவர் அரைக் கணக்குதான் போட்டவர் ஆவார்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். கையேட்டின் முடிவுகள் ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா ஆகிய மூன்று இடங்களில் செய்யப்பட்ட வீட்டு ஆய்வுகளின் தொகுப்பைத் தாங்கி நிற்கின்றன. ஐரோப்பியத் தொகுப்பு மட்டும் 9 நாடுகளின் 13 ஆய்வுகளைக் கொண்டது. நோயுற்றவர் 7148 பேர் அதில் இடம்பெற்றனர். மிகுந்த கவனத்துடன் செய்யப்பட்ட வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டில் பல மாதம் சன்னலை அடைத்துக்கொண்டு வாழும் நாடுகள். இங்கேதான் நம் விமர்சனம் தொடங்குகிறது.

குளிர்நாட்டு வீடும் நம் வகுப்பறையும்

குளிர்காலத்தில் அந்நாட்டு வீட்டை உள்ளே சூடேற்றுகிறார்கள். சூடான காற்று மேலே எழுந்து கூரை இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. அதை ஈடுசெய்யக் கீழிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. வீடே ஒரு புகைபோக்கியைப் போல் மண்ணிலிருந்து ரேடானை இழுத்துக்கொள்கிறது. நிலத்தடி அறைகளும் அங்கே மிகுதி. ஆகவே தரைக்கு அடியில் குழாய் பதித்து விசிறியால் வாயுவை வெளியே தள்ளும் முறையைக் கையேடு விரிவாக விளக்குகிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்து வகுப்பறையில் நிலத்தடி அறையும் இல்லை, கணப்பும் இல்லை. சன்னல் திறந்தே இருக்கும்; சில இடங்களில் சன்னலுக்குக் கதவே இராது. இதனால் எவ்வளவு வேறுபாடு ஏற்படும்? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறை. தரைப் பரப்பு 36 சதுர மீட்டர். கொள்ளளவு 108 கன மீட்டர். தரையில் சிமெண்டே இல்லை, வெறும் மண் தரை என்று மோசமான நிலையையே கொள்வோம். உலகச் சராசரிக்கு அருகில், மண்ணின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் விநாடிக்கு 0.02 பெக்கெரல் ரேடான் வெளிவருவதாக வைத்துக்கொள்வோம். அறை முழுவதற்கும் மணிக்குச் சுமார் 2600 பெக்கெரல் ஆகிறது. அதாவது கன மீட்டர் ஒன்றுக்கு மணிக்கு 24 பெக்கெரல் சேருகிறது.

அறை அடைத்துக் கிடந்து, உள்ளே உள்ள காற்று முழுதும் மாற 4 மணி நேரம் ஆகிறது என்றால், ரேடான் 24 x 4 = 96 பெக்கெரலில் போய் நிற்கும். ஏறக்குறைய உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கோள் அளவு! அதே அறையில் சன்னல்களைத் திறந்து, மணிக்கு 5 முறை காற்று மாறினால்? 24-ஐ 5-ஆல் வகுக்க, சுமார் 5 பெக்கெரல். வெளிக்காற்றில் இயல்பாக உள்ள 10 பெக்கெரல் அளவையும் கூட்டினாலும் 15-தான். மண் மாறவில்லை, தரை மாறவில்லை. சன்னல் ஒன்றுதான் மாறியது. நூலின் பல பக்கங்கள் சொல்லாததை இந்தச் சின்னக் கணக்கு சொல்லிவிடுகிறதல்லவா?

டெல்டாவின் மண்

மண்ணையும் கவனிக்க வேண்டும். ரேடான் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் பரவும் வேகம் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நீர் நிறைந்த களிமண்ணில் அது நகர்வதற்குள் அதன் ஆயுளே முடிந்துவிடும். மேட்டூர் அணை திறந்து குறுவையும் சம்பாவும் தாளடியுமாக வயல்கள் நீரில் கிடக்கும் மாதங்களில், டெல்டாவின் நிலம் ரேடானுக்கு ஒரு மூடியைப் போல் ஆகிவிடும். அறுவடை முடிந்து தை, மாசிக்குப் பிறகு நிலம் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்போதுதான் அந்த மூடி திறக்கும். எனவே ஐப்பசி மழையில் படலத்தைத் தொங்கவிட்டு, குறைந்த எண்ணைப் பெற்று, எல்லாம் நலம் என்று முடிவு கட்டுவது தவறு. இங்கே சோதனை செய்வதானால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உள்ள காலமே ஏற்றது. குளிர்காலத்தில் அளக்கும் குளிர்நாட்டு வழக்கம் நமக்கு உதவாது.

டெல்டா முழுவதும் ஒரே மண் என்றும் எண்ண வேண்டாம். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் செம்புரைக்கல் மேட்டு நிலம். வயல்வெளியில் உள்ள பள்ளிகளும் வெறும் வயல் மண்ணின்மேல் நிற்பதில்லை. வெள்ளத்துக்கு அஞ்சித் தரையை உயர்த்த, வேறிடத்திலிருந்து கொண்டுவந்த மண்ணையும் கிராவலையும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். அறைக்குள் வரும் வாயுவில் பெரும்பங்கு அந்த நிரப்பு மண்ணிலிருந்துதான் வரும். ஆகவே சுற்றிலும் உள்ள வயலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஓர் இடத்து எண்ணை மற்றோர் இடத்துக்குத் தூக்கிச் செல்வதன் சிக்கலுக்குத் தென்கோடியிலேயே நல்ல சான்று உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் கடற்கரை மணலில் மோனசைட்டு இருக்கிறது. அதில் யுரேனியத்தைவிடத் தோரியமே மிகுதி. தோரியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வகைக்குத் தோரான் என்று பெயர். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தரையிலிருந்து சிறிது தூரம் செல்வதற்குள் பெரும்பகுதி அழிந்துவிடும். கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நிலத்திலிருந்து வரும் காமா கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை. அது காமா கதிரைப் பற்றிய ஆய்வு; ரேடானுக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. எந்த எண்ணும் அது பிறந்த ஊரின் மண்ணையும் வீட்டையும் வாழ்க்கையையும் சுமந்துகொண்டே வருகிறது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

வீட்டுக்கு எழுதிய நூல்

கையேட்டின் மற்றொரு குறை, அது பெரும்பாலும் வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதாகும். பள்ளி வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 1000 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். ஓர் ஆண்டுக்கு 8760 மணி நேரம். ஆகவே குழந்தையின் நேரத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான் வகுப்பறையில் கழிகிறது.

மூன்று மாதம் தொங்கும் படலமோ இதை அறியாது. பூட்டிய பள்ளியின் இரவுகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும், சன்னல் அடைத்த விடுமுறைகளையும் அது சேர்த்தே எண்ணும். அந்த நேரத்தில்தான் ரேடான் மிகுதி; அந்த நேரத்தில் அங்கே குழந்தைகள் இல்லை. எனவே படலம் காட்டும் எண் குழந்தை சுவாசித்த அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும். படலத்தில் அதிக எண் வந்தால், பள்ளி நேரத்தில் மட்டும் அளக்கும் மின்னணுக் கருவியைக் கொண்டு மறுபடியும் பார்த்த பின்பே முடிவுக்கு வர வேண்டும்.

அப்படியானால் டெல்டாவில் எந்த அறைகளைச் சோதிக்கலாம்? குளிரூட்டி வைத்துச் சன்னலை நிரந்தரமாக அடைத்துவிட்ட தரைத்தளக் கணினி அறைகள், காற்றோட்டம் இல்லாத ஆய்வகங்கள், மேட்டு நிலத்துப் பள்ளிகள் ஆகியவற்றில் மாதிரிக்குச் சிலவற்றைப் பார்த்தால் போதும். ஒரு கல்லூரி இயற்பியல் துறையே செய்துவிடக்கூடிய வேலை இது. பள்ளிதோறும் ரேடான் சோதனை என்பது இப்போது நமக்கு முதல் தேவை அன்று.

படிக்கப்படாத எண்கள்

முதல் தேவை எது? இந்த மண்ணின் வரலாறே அதற்கு விடை சொல்கிறது.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைக் கீற்றுப் பந்தல் தீப்பற்றி 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில், ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்த இடத்தில், சத்துணவுக் கூடத்தின் கீற்றில் பற்றிய தீ மாடியில் இருந்த வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்தனர்.

காய்ந்த தென்னங்கீற்று, அதன் அருகே நெருப்பு, கூட்டம், குறுகிய வழி. இந்த நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று 1997-லேயே தெரிந்துவிட்டது. 2004 ஜனவரியில் இரண்டாம் முறையும் தெரிந்தது. ரேடான் மொழியில் சொன்னால், அளவு இருமுறை எடுக்கப்பட்டது. எண்ணும் எச்சரிக்கை அளவைத் தாண்டியே இருந்தது. ஆனால் அந்த எண்ணோடு எந்தச் செயலும் பிணைக்கப்பட்டிருக்கவில்லை. கீற்று பள்ளிகளின் மேல் அப்படியே இருந்தது. 94 குழந்தைகள் போன பின்புதான் பள்ளிக் கூரைகளிலிருந்து கீற்றை அகற்ற அரசு ஆணையிட்டது. நீதிபதி கே. சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளி நிர்வாகத்தினரும் கல்வித் துறையினரும் குற்றம் சாட்டப்பட்ட வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் 2014 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே பத்து ஆண்டு.

கும்பகோணம் தீயை முன்வைத்து உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்றும், தேசியக் கட்டட விதிகளின்படி பாதுகாப்பு உள்ளதா என்று பார்த்த பின்பே பள்ளிக்கு அங்கீகாரம் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. ரேடான் கையேடு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான் என்பதைக் கவனியுங்கள்.

சான்றிதழும் அளவீடும்

நம் பள்ளிகள் சோதிக்கப்படுவதே இல்லை என்று சொல்ல முடியாது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று தனியார் பள்ளிகள் வாங்க வேண்டிய சான்றுகள் பல. குறை எங்கே என்றால், சான்றிதழ் வேறு, அளவீடு வேறு என்பதை நாம் மறந்துவிட்டோம்.

சான்றிதழ் ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறது. ‘உறுதியாக உள்ளது’ என்ற ஒரு சொல்லில் அது முடிந்துவிடும். எவ்வளவு உறுதி, போன ஆண்டைவிடக் குறைந்ததா, கூடியதா என்று அதைப் பார்த்து அறிய வழியில்லை. அது தலைமை ஆசிரியர் அறையின் இரும்புப் பீரோவில் உறங்கும். அளவீடு அப்படியன்று. அது எண்ணைத் தருகிறது. மறுபடியும் அளந்து ஒப்பிட வழி செய்கிறது. இந்த எண்ணைத் தாண்டினால் இதைச் செய் என்று கட்டளையும் இடுகிறது. பக்கத்து அறையில் உள்ளவரும் அதைச் சரிபார்க்கலாம். ரேடான் கையேட்டிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது 100 என்ற எண்ணை அன்று, இந்தப் பழக்கத்தையே.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தனர். அதன் பின்னரே மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது. சுவர் ஒரே நாளில் இடிவதில்லை. முதலில் மயிரிழை போல விரிசல் விடும்; பிறகு விரல் நுழையும். ஒவ்வொரு மாதமும் யாராவது அதை அளந்திருந்தால் அது தன் கதையைச் சொல்லியிருக்கும்.

டெல்டாவுக்கு இது இன்னும் பொருந்தும். நம் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதோடு சேர்ந்து அடித்தளமும் அசையும். சுவரிலும் தரையிலும் விரிசல் விழும். ரேடான் அறைக்குள் நுழையும் வழியும் இதே தரை விரிசல்தான்! அயர்லாந்தில் ஒருவர் வாயுவுக்கு அஞ்சி அடைக்கும் விரிசலை, நாம் கட்டடத்துக்கு அஞ்சிக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளிலோ உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்து மேற்பூச்சைப் பிளந்து தள்ளும். கூரையின் அடிப்புறத்தில் செம்பழுப்புக் கறை தெரிந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

மாணவர் செய்யக்கூடிய சோதனை

மாணவ நண்பர்களே, இதற்கு எல்ஆர்-115 படலமும் வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம். ஆசிரியரின் துணையோடு உங்கள் பள்ளியிலேயே இவற்றைச் செய்யலாம்.

சுவரில் விரிசல் இருந்தால், அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டுப் பூச்சால் ஒட்டுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. ரேடான் படலத்தைப் போலவே இதுவும் மாதக்கணக்கில் இரவு பகலாக விழித்திருக்கும். ஆடிப் பெருக்கிலிருந்து சித்திரை வெயில் வரை ஓர் ஆண்டு கவனித்தால், மண் உப்பும்போதும் சுருங்கும்போதும் உங்கள் கட்டடம் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். விரிசல் அகலமாக இருந்தாலோ சுவர் சாய்ந்திருந்தாலோ அருகில் போகாமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

ஒவ்வோர் அறையிலும் திறக்கக்கூடிய சன்னல் பரப்பை அளந்து, தரைப் பரப்போடு ஒப்பிடுங்கள். நிரந்தரமாக அடைத்த சன்னல் எத்தனை என்று குறியுங்கள். காற்று புகாத அறை எது என்று இதிலேயே தெரியும். ரேடான் சோதனை வேண்டுமானால் எந்த அறையில் தொடங்குவது என்பதும் விளங்கும்.

மணி அடித்ததும் பள்ளி முழுவதும் வெளியேறி மைதானத்தில் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். எந்தப் படிக்கட்டில், எந்தக் கதவில் நெரிசல் என்று எழுதுங்கள். அடுத்த பருவத்தில் மறுபடியும் செய்து எண்களை ஒப்பிடுங்கள். கும்பகோணத்தில் இந்தச் சோதனையை ஒரே ஒரு முறை செய்திருந்தாலும் அந்தப் படிக்கட்டு போதாது என்பது அன்றே எண்ணாக நின்றிருக்கும்.

இந்த எண்களைப் பீரோவில் வைக்க வேண்டாம். பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படியுங்கள். எந்த எண் வந்தால் எந்த அறையைப் பூட்டுவது, யார் பழுது பார்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுமாறு கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு நல்ல நூல். வெயில் நாட்டின் திறந்த சன்னலையும் நீர் நின்ற வயலையும் பள்ளியின் கால அட்டவணையையும் அது போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது அதன் குறை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவை இத்தனை பொறுமையோடு அளக்கக் கற்றுத் தருகிறது என்பது அதன் நிறை. கண்ணுக்குத் தெரியாததையே அளக்க முடியுமானால், கண்ணெதிரே தெரிந்த கீற்றையும் படிக்கட்டையும் விரிசலையும் அளக்காமல் விடுவதற்கு நாம் என்ன காரணம் சொல்ல முடியும்?